வீட்டுக்குத் திரும்பும் 5 மணி நேரத்துக்கு பிசினஸ் கிளாஸ்: டிக்கெட்டிலிருந்து பெட்டி கைக்கு வரும்வரை

பிசினஸ் கிளாஸ் எடுக்கலாமா என்று யார் கேட்டாலும் பேச்சு உடனே பணத்துக்குப் போய்விடும். நான் நேரக் கணக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். 12 மணி நேரப் பயணம் என்றால் சாப்பிட்டு, படம் பார்த்து, ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்தாலும் இன்னும் நேரம் கிடக்கும். 4 முதல் 6 மணி நேரப் பயணத்தில் அதற்கு வழியில்லை. டிக்கெட்டில் 5 மணி நேரம் என்று போட்டிருந்தால், அது விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து இறங்கும் ஊரில் கேட்டில் போய் நிற்பது வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போய், மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைவதற்குள் முக்கால் மணி போய்விடும். சாப்பாடு பரிமாறி எடுத்து முடிக்க ஒன்றரை மணி. தரை தொட அரை மணி இருக்கும்போதே சீட்டை நிமிர்த்தச் சொல்லிவிடுவார்கள், இறங்கிய பிறகும் கொஞ்சம் ஊர்வது உண்டு. ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் இரண்டு மணி நேரத்தை. அதை மூன்று மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலான தூக்கமாக மாற்ற முடியும், கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

எனக்கு இது உறைத்தது ஒரு லீவில். இரவு விமானம், எகானமியில் நடு சீட், பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ மாதத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், நான் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது மாலையாகியிருந்தது. மொத்தமே 6 நாள் லீவு, அதில் ஒரு நாள் அப்படியே போய்விட்டது. அதிலிருந்து என் வழக்கம் இதுதான்: வேலைக்குத் திரும்பிப் போகும்போது எகானமி, வீட்டுக்கு வரும்போது பிசினஸ்.

எந்தப் பயணத்துக்கு எடுப்பது, எதற்கு விடுவது

இரவு 10 மணிக்கு மேல் கிளம்பி விடியும் நேரத்தில் இறங்கும் விமானம், அதில் முழுதாகப் படுக்கும் சீட் - இந்த இரண்டும் சேர்ந்தால் எடுங்கள். பகலில் பறக்கும் 4 மணி நேரத்துக்கு என்றால் நான் எடுக்க மாட்டேன். அவசரக் கதவு வரிசையிலோ, எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவிலான பிரீமியம் எகானமியிலோ உட்கார்ந்தால் போதும், மிச்சப் பணம் வீட்டில் உதவும். விதிவிலக்கு உண்டு: முழங்கால், இடுப்பு வலி உள்ளவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்கள், வயதான பெற்றோரை அழைத்து வருகிறவர்கள். அவர்களுக்குப் பகல், இரவு என்ற கணக்கே வேண்டாம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-லேயே சொன்னது. படுத்து வருகிறவர்களும் நடுவில் ஒருமுறை எழுந்து நடப்பது நல்லது.

போக எகானமி, வர பிசினஸ் என்று ஒரே டிக்கெட்டில் எடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். சில நிறுவனங்களின் தளத்தில் 'மல்டி சிட்டி' தேடலுக்குள் போனால் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம், சிலவற்றில் அந்த வசதி இருக்காது, ஆனால் போன் செய்தால் போட்டுத் தருவார்கள். இரண்டு ஒருவழி டிக்கெட்டாக எடுத்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒருவழிக்கே இருவழி அளவுக்குக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு, சரிபாதி கேட்கும் நிறுவனங்களும் உண்டு. பார்க்காமல் தெரியாது.

நிறுவனத்தின் பெயரைவிட விமானத்தின் வகை முக்கியம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பிசினஸ் கிளாஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்களை விற்கிறார்கள்.

முதலாவது, எகானமி சீட்டேதான், ஆனால் மூன்றில் நடு சீட்டைக் காலியாக விட்டிருப்பார்கள். ஐரோப்பாவுக்குள் ஓடும் விமானங்களில் இது சர்வ சாதாரணம். சாப்பாடு, லவுஞ்ச் (விமான நிலையத்தில் இருக்கும் தனிக் காத்திருப்பு அறை) எல்லாம் உண்டு, கால் நீட்டத்தான் இடம் கிடையாது. இரண்டாவது, அகலமான சாய்வு சீட், ரிக்லைனர் என்பார்கள். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில் வரிசைக்கு நான்கு என்று இருக்கும். சாயும், ஆனால் படுக்கையாகாது. மூன்றாவதுதான் நாம் தேடுவது, தட்டையாக விரியும் படுக்கை. இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்களில், அதாவது 777, 787, ஏ330, ஏ350 ஆகியவற்றில் இது கிடைக்க வாய்ப்பு அதிகம். சின்ன விமானம் என்றால் படுக்கையே இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஃபிளைதுபாயும் 737 மேக்ஸிலேயே படுக்கை வைத்திருக்கின்றன.

நான் முதன்முதலில் காசு கொடுத்து எடுத்த பிசினஸ் டிக்கெட்டில் இதைப் பார்க்கத் தவறினேன். நிறுவனத்தின் விளம்பரத்தில் படுக்கை, கதவு, போர்வை எல்லாம் இருந்தன. அது அவர்களுடைய பெரிய விமானத்தின் படம். என் தடத்தில் ஓடியது சின்ன விமானம். விடிய விடியச் சாய்ந்த வாக்கில் கழுத்து வலியோடு வந்தேன். டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே விமான வகை சின்ன எழுத்தில் எழுதியிருந்தது, நான்தான் அதைப் படிக்கவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். தேதியைப் போட்டுத் தேடியதும் 'விவரங்கள்' என்பதைத் திறந்து விமான வகையைப் பாருங்கள். கூகுள் ஃபிளைட்ஸில் பிசினஸ் என்று தேடினால் சீட் ரிக்லைனரா, தட்டையாக விரிவதா என்று பயண விவரத்திலேயே காட்டும். அப்புறம் அந்த நிறுவனத்தின் சீட் வரைபடத்தைத் திறந்து வரிசைக்கு எத்தனை சீட் என்று எண்ணுங்கள். பெரிய விமானத்தில் 1-2-1 என்று, அதாவது இரு ஜன்னலோரமும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு என்று இருந்தால் பெரும்பாலும் படுக்கை, எல்லோருக்கும் நடைபாதை. 2-2-2 என்றாலும் பெரும்பாலும் படுக்கைதான், ஜன்னலோரம் இருப்பவர் மட்டும் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டி வர வேண்டியிருக்கும். ஒரே தடத்தில் ஒரே நாளில் இரண்டு விமானங்கள் ஓடினால் இரண்டையும் பாருங்கள், அதே விலைக்கு ஒன்றில் படுக்கையும் இன்னொன்றில் சாய்வு சீட்டும் இருப்பது வழக்கமாக நடக்கிற விஷயம். வாரம் ஒருமுறை டிக்கெட்டை மறுபடி திறந்து விமான வகை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறினால் உடனே போன் செய்து வேறு நேரத்துக்கு மாற்றித் தரக் கேளுங்கள். முன்கூட்டியே கேட்டால் நடக்கும், கிளம்புகிற அன்றைக்குக் கேட்டால் கஷ்டம்.

787-உம் ஏ350-உம் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் நிற்பது போன்ற நிலை வரைக்கும் போகலாம், இவை இரண்டிலும் அது சுமார் 6,000 அடிக்குள் இருக்கும். இறங்கும்போது தலை கனமாக இல்லாததை நீங்களே உணர்வீர்கள்.

கனெக்‌ஷன் உள்ள, அதாவது நடுவில் வேறு விமானம் மாறி ஏறும் பயணம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. 'பிசினஸ்' என்று காட்டும் டிக்கெட்டில் ஒரு பாதி எகானமியாக இருக்கலாம். ஒரு மணி நேரத் துண்டு எகானமியாக இருந்தால் பரவாயில்லை. படுத்து வரலாம் என்று நினைத்த நீண்ட துண்டே எகானமியாக இருந்தால் கொடுத்த பணம் வீண்தான்.

டிக்கெட்டைக் குறைந்த விலையில் பிடிப்பது

நேராக வாங்குவதில் ஒரு நுணுக்கம். பிசினஸ் கிளாஸுக்குள்ளேயே பல கட்டண வகைகள் உண்டு. மிகக் குறைந்த வகையில் மாற்றவும் ரத்து செய்யவும் அபராதம் அதிகம், சிலவற்றில் லவுஞ்சே கிடையாது. எமிரேட்ஸ் 2019-இல் லவுஞ்ச் இல்லாத பிசினஸ் கட்டணத்தைக் கொண்டுவந்தது, பிறகு கத்தார் ஏர்வேஸும் அது மாதிரி ஒன்றை விற்கத் தொடங்கியது. லவுஞ்சில் சாப்பிட்டுவிட்டு விமானத்தில் தூங்குவதுதான் நம் திட்டம் என்பதால் இதைக் கவனித்து வாங்குங்கள்.

மைல்ஸ், அதாவது பறக்கப் பறக்க நிறுவனம் தரும் புள்ளிகள், சேர்த்து வைத்திருக்கிறவர்கள் அதை எதற்குச் செலவு செய்வது என்று கேட்டால் என் பதில் இதுதான்: வீட்டுக்கு வரும் இரவு விமானம். மைல்ஸுக்கு ஒதுக்கும் சீட்டுகள் குறைவு. நாள் குறிக்கும் முன்பு சீட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப லீவு போடுங்கள்.

எகானமி டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஏலம் என்று ஒரு வழி உண்டு. கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்பு 'உங்கள் தொகையைச் சொல்லுங்கள்' என்று மின்னஞ்சல் வரும், நாம் ஒரு தொகை போட்டு வைக்க வேண்டும், கிடைத்தால் மட்டும் பணம் எடுப்பார்கள். போடும் முன் மூன்று விஷயங்களைப் படியுங்கள். தொகை ஒரு ஆளுக்கா மொத்தத்துக்கா, பெட்டி எடை கூடுமா பழைய எகானமி அளவேதானா, லவுஞ்ச் உண்டா இல்லையா. இருவராகப் போகிறவர்கள் ஆளுக்கு என்பதைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, கார்டில் இரண்டு மடங்கு போனதைப் பார்த்துத் திகைப்பதுண்டு. செக்-இன் கவுன்டரிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சீட் காலியாக இருந்தால் அங்கே விலை சொல்வார்கள், சில நாள் ஏலத்தைவிடக் குறைவாகவும் இருக்கும். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

எந்த சீட்

தூங்கத்தான் போகிறீர்கள் என்பதால் மூன்று இடங்களைத் தவிர்க்க வேண்டும்: கழிவறைக்கு அடுத்த வரிசை, சமையல் பகுதிக்கு அடுத்த வரிசை, குழந்தைத் தொட்டில் மாட்டும் சுவர் உள்ள வரிசை. சமையல் பகுதியில் திரை போட்டிருந்தாலும் வெளிச்சம் வரும், இழுப்பறைகளை அடித்து மூடும் சத்தம் கேட்கும். அதே சமயம் முதல் வரிசையில் ஒரு லாபம் உண்டு. பல படுக்கை சீட்டுகளில் காலை முன் சீட்டுக்கு அடியில் உள்ள ஒரு பொந்துக்குள் நுழைக்க வேண்டும், அது குறுகலாக இருக்கும், புரண்டு படுத்தால் பாதம் இடிக்கும். முதல் வரிசையில் முன்னால் சீட் இல்லாததால் அந்த இடம் பெரும்பாலும் அகலம். உயரமானவர்கள் கொஞ்சம் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு முதல் வரிசை எடுப்பது கட்டுப்படியாகும்.

1-2-1 விமானத்தில் தனியாக வருகிறவருக்கு ஜன்னலோரம். சீட்டுகள் முன்பின்னாக மாறி மாறி அமைந்திருந்தால், ஒரு வரிசையில் சீட் ஜன்னலை ஒட்டியும் அடுத்த வரிசையில் நடைபாதையை ஒட்டியும் இருக்கும். வரைபடத்தில் பார்த்து ஜன்னலை ஒட்டிய வரிசையை எடுங்கள், நடைபாதைக்கும் உங்களுக்கும் நடுவில் மேசை வந்துவிடும், போகிற வருகிறவர்கள் தோளில் இடிக்க மாட்டார்கள். 2-2-2 என்றால் நடு ஜோடியில் ஒன்றை எடுங்கள். அங்கே இருவருக்கும் தனித்தனி நடைபாதை இருப்பதால் யாரும் உங்களைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: சிறப்பு உணவுப் பட்டியலில் 'இந்து மீல்' என்று இருப்பது சைவ உணவு இல்லை. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லாத உணவு என்பதுதான் அதற்குப் பொருள். கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ வரலாம். மசாலா சேர்த்த சைவம் வேண்டுமானால் 'ஏஷியன் வெஜிடேரியன்', அதன் குறியீடு ஏவிஎம்எல். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும், சில நிறுவனங்கள் 48 கேட்கும். இன்னொரு பக்கமும் உண்டு, சிறப்பு உணவு சொல்லிவிட்டால் பட்டியலிலிருந்து விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு போய்விடலாம். அதனால் அந்தத் தடத்தின் உணவுப் பட்டியல் தளத்தில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மேலே நாக்கு மந்தமாகிவிடும். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே, கூடவே ஓயாத இரைச்சல், உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரியும். எனவே நல்ல சாப்பாட்டைத் தரையில் சாப்பிட்டுவிடுவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

பெட்டியும் விமான நிலையமும்

பெட்டி அளவு பல நிறுவனங்களில் 32 கிலோ வீதம் இரண்டு. மொத்த எடை எவ்வளவு அனுமதித்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக வாங்க மாட்டார்கள், தூக்குகிறவர்களின் முதுகைக் காப்பாற்றும் விதி அது. பெட்டியில் 'பிரையாரிட்டி' என்ற அட்டையைக் (முதலில் இறக்க வேண்டிய பெட்டி என்பதற்கான அடையாளம்) கட்டுகிறார்களா என்று கவுன்டரில் நின்று பாருங்கள், மறந்தால் கேளுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-ஹவர் வரை அனுமதி தேவையில்லை, அது சுமார் 27,000 எம்ஏஎச். 2025 முதல் பல நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை, அதனால் வயரை எடுத்து வைத்துக்கொண்டு சீட்டில் உள்ள பிளக்கில் சார்ஜ் போடுங்கள். கண் பட்டையும் காதடைப்பானும் உங்களுடையதே இருக்கட்டும். இவ்வளவு குறுகிய பயணத்தில் இவற்றைப் போட்டுக் கொடுக்கும் சின்னப் பையைத் தராத நிறுவனங்கள் உண்டு. கூடவே ஒரு சட்டை, ஒரு பல் துலக்கி.

லவுஞ்சுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே போனதும் சாப்பாட்டு மேசைக்குப் போகாமல், குளியலறை இருக்கிறதா என்று கேட்டுப் பெயர் எழுதி வையுங்கள், இரவு நேரத்தில் வரிசை இருக்கும். அவர்கள் கூப்பிடுவதற்குள் சாப்பிட்டு முடியுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், மேலே போனால் காற்று விரிந்து வயிறு உப்பும். குளித்து, தளர்வான துணிக்கு மாறி, வழக்கமாகப் போடும் மாத்திரை இருந்தால் போட்டு, வீட்டுக்கு ஒரு போன் செய்துவிட்டு ஏறுங்கள். ஏறும்போது தூங்கத் தயாராக இருக்க வேண்டும், அதுதான் குறி.

மேலே: நிமிடக் கணக்கு

உட்கார்ந்ததும் வரவேற்பு பானம் வரும், தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே பணியாளரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எனக்குச் சாப்பாடு வேண்டாம், தூங்கப் போகிறேன். மெத்தை விரிப்பு இருந்தால் கொடுங்கள். இறங்க 45 நிமிடம் இருக்கும்போது காபியோடு எழுப்புங்கள். இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். அவர்களுக்கும் யாரை எழுப்புவது, யாரை விடுவது என்று முன்பே தெரிந்தால் வேலை சுலபம்.

தரையிலேயே சீட்டின் பொத்தான்களை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். படுக்கை எப்படி விரிகிறது, விளக்கு எங்கே அணைகிறது, எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை. சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் படுக்கையை விரித்து, போர்வையைப் போர்த்தி, பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி மாட்டுங்கள். நடுவில் விமானம் குலுங்கினால் பணியாளர் டார்ச் அடித்துப் பார்ப்பார், பெல்ட் கண்ணில் பட்டால் போய்விடுவார். படாவிட்டால் எழுப்புவார், எழுந்தால் மறுபடி தூக்கம் வர அரை மணி ஆகும்.

போன் விஷயம். தூங்கும்போது கையில் வைத்திருந்த போன் சீட் இடுக்கில் நழுவிவிடும். ஒருமுறை எனக்கு அப்படி ஆகி, இருட்டில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே சீட்டை நிமிர்த்தப் பொத்தானை அழுத்தப் போனேன். அந்த வழியாக வந்த பணியாளர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "சீட்டை அசைக்காதீர்கள், எழுந்து நில்லுங்கள்" என்றார். மண்டி போட்டு, டார்ச் அடித்து, சீட்டின் ஓர உறையைக் கழற்றி எடுத்துக் கொடுத்தார். சீட் நகரும்போது அதன் உலோகச் சட்டத்தில் போன் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். விமானத்துக்குள் தீ என்பது விளையாட்டில்லை. எனவே போன் பக்கவாட்டு அறைக்குள் போகட்டும், மூடி போட்டு. விழுந்துவிட்டால் சீட்டைத் தொடாமல் அழைப்பு மணியை அழுத்துங்கள்.

இறங்குவதற்கு 45 நிமிடம் முன் எழுந்திருக்கச் சொன்னதற்குக் காரணம் காது. தூக்கத்தில் நாம் எச்சில் விழுங்குவது குறைவு, அப்போது அழுத்தம் மாறினால் காது அடைத்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்து, மெதுவாகக் காபி குடித்துக்கொண்டே வந்தால் அது தானாகத் திறக்கும். கழிவறைக்கும் அப்போதே போய்ப் பல் துலக்கிவிட்டு வாருங்கள், இன்னும் பத்து நிமிடம் கழித்தால் வரிசை நிற்கும்.

எகானமிக்குத் தள்ளிவிட்டால்

விமானம் மாறி, சீட் குறைந்து, உங்களை எகானமிக்கு மாற்றினால், ஏறுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்: கட்டாயமாக வகுப்பு குறைக்கப்பட்டது என்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி தூரத்தைப் பொறுத்து அந்த டிக்கெட் விலையில் 30, 50, 75 சதவீதம் திரும்பத் தர வேண்டும். இந்தியாவிலும் 2023 முதல் வெளிநாட்டு விமானங்களுக்கு இதே விகிதங்களில் விதி இருக்கிறது. இன்ன விமானத்தில் எந்த விதி பொருந்தும் என்பது கிளம்பும் இடத்தையும் நிறுவனத்தையும் பொறுத்தது. பழைய போர்டிங் பாஸ், புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த விமானத்தில் படுக்கை காலியாக இருந்தால் அதற்கு மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம், வீட்டில் காத்திருப்பவர்களுக்குச் சில மணி நேரம் தாமதம் பெரிதில்லை என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

இறங்கிய பிறகு

முன்னால் இறங்குவதால் குடியேற்ற வரிசையில் கூட்டம் சேரும் முன் போய்விடலாம், சில இடங்களில் பிசினஸ் பயணிகளுக்குத் தனி வரிசையே உண்டு. நேரே பெட்டி வரும் இடத்துக்குப் போய், பெட்டி வருவதற்குள் பக்கத்துக் கழிவறையில் முகம் கழுவி, கைப்பையில் இருக்கும் சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டி வராவிட்டாலோ உடைந்திருந்தாலோ வெளியே போய்விடாதீர்கள், உள்ளேயே இருக்கும் கவுன்டரில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்குங்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில் சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் போக வேண்டும். மைல்ஸ் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

போன தடவை நான் இறங்கியபோது மணி காலை 5. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தூங்கியிருந்தேன். வீட்டுக் கதவைத் திறந்த அம்மா முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார், "தூங்கினியா?" என்று கேட்டார். தூங்கினேன் என்றேன். அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார், மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.